நடுக் கட்டத்தில் எழுதியது

கடைக்குச் சோப்பு வாங்கப் போனால் எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். எது நல்லது என்று தெரியாததால் இல்லை, எல்லாமே ஏறக்குறைய ஒன்றுதான் என்று தெரிந்ததால். ஒன்றைக் கையில் எடுத்தால் மற்ற பதினொன்றையும் வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும். அந்தப் பதினொரு வேண்டாம் எனக்குப் பாரமாக இருக்கும். கல்யாணமான புதிதில் என் மனைவி இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். பிறகு சோப்பை அவளே வாங்க ஆரம்பித்துவிட்டாள்.

நீங்கள் கோடு போட்ட தாள் கொடுத்ததற்கு நன்றி. வெள்ளைத் தாளாக இருந்தால் எங்கே தொடங்குவது என்று யோசித்தே இன்றைய பொழுது போயிருக்கும். நடந்ததை என் கைப்பட எழுதச் சொன்னீர்கள், அவசரமில்லை என்றும் சொன்னீர்கள். எனக்கும் அவசரமில்லை. அசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். அது இந்த நான்கு நாளில் வந்த அசதி இல்லை.

ஊருக்குக் குடிநீர் ஏற்றும் நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கட்டுப்பாட்டு அறையில் இப்போது நான்தான் மூத்தவன். எங்களிடம் நான்கு பம்புகள். இரண்டு ஓடும், ஒன்று தயாராகக் காத்திருக்கும், ஒன்று எப்போது பார்த்தாலும் வயிற்றைத் திறந்து போட்டபடி பழுதுபார்க்கக் கிடக்கும். அங்கே என்னைத் தராசு என்று கூப்பிடுவார்கள். டீயா காபியா என்று கேட்டால்கூட இரண்டையும் நிறுத்துப் பார்த்துத்தான் பதில் சொல்வேனாம். பெயர் வைத்தவர் எங்கள் ஃபோர்மேன். அவருக்கும் ஒரு பெயர் உண்டு, மோட்டார் அண்ணன். அவர் ரகசியம் பேசினால் மூன்றாவது அறைக்குக் கேட்கும். நல்ல மனிதர். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன் எங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஓர் ஆலோசகர் வந்தார். மூன்று நாள். முதல் நாள் பாதிப்பேர் தூங்கினார்கள், நான் தூங்கவில்லை. பல பாகங்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு ஓடுகிற எதுவாக இருந்தாலும், அது நிலையமோ ஊரோ உடம்போ குடும்பமோ, அதில் ஒன்று விழுந்தால் இதுதான் காரணம் என்று ஒரே இடத்தில் விரல் வைக்க முடியாது என்றார். ஒரு வாஷர் தேய்ந்திருக்கும், ஒருவருக்கு அன்று தலைவலியாக இருந்திருக்கும், வானம் மூடியிருந்திருக்கும், எல்லாம் சேர்ந்துதான் விழும் என்றார். எனக்கு அது யாரோ தோளிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

இடைவேளையில் அவரிடம் கேட்டேன்: "சார், அப்போ ஒரு மனுஷன் தன் வாழ்க்கையில எடுக்கிற முடிவு?"

அவர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே சிரித்தார். "முடிவுன்னு ஒண்ணு தனியா இருக்கா என்ன? பாதி சூழ்நிலை, மீதி பழக்கம். நாம கடைசியா வந்து கையெழுத்துப் போடறோம், அவ்வளவுதான்."

அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பேச்சுக்குச் சொன்னதாகக்கூட இருக்கலாம். அன்று நான் நன்றாகத் தூங்கினேன்.

அவர் எங்களுக்கு ஒரு வேலைமுறையும் கொடுத்துவிட்டுப் போனார். நீங்கள் அதைப் புரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். மாதம் ஒருமுறை, யாருக்கும் சொல்லாமல், ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை நிறுத்த வேண்டும். ஒரு பம்ப், ஒரு வால்வு, ஒரு தொலைபேசி இணைப்பு, எதுவோ ஒன்று. மற்றவை தாங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். எங்கள் ஆட்கள் இதற்கு ஊமை நிறுத்தம் என்று பெயர் வைத்தார்கள். இதற்கு விதிகள் உண்டு. நிறுத்துகிறவன் பதிவேட்டில் மூன்று கட்டம் போட வேண்டும்: நிறுத்தியது, எதிர்பார்ப்பது, நடந்தது. நடுக் கட்டத்தை நிறுத்துவதற்கு முன்பே மையால் எழுதி நேரம் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் முடிந்த பிறகு எல்லோரும் இதைத்தான் எதிர்பார்த்தேன் என்பார்கள். நிறுத்தியவன் ஸ்விட்சை விட்டுக் கையை எடுக்கக் கூடாது. அழுத்தமானியின் முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே போனால் யாரையும் கேட்காமல் திரும்ப ஓட்டிவிட வேண்டும். முடிந்ததும் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு, பதிவேட்டைத் தட்டில் போட வேண்டும். ஃபோர்மேன் படித்து இரண்டாவது கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து விழாமல் ஒரு சோதனை முடிந்ததாகக் கணக்கில்லை.

என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயம் எனக்குக் கைவந்தது. இதைச் செய்வதா அதைச் செய்வதா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒன்றை நிறுத்திப் பார், மீதி தானாகத் தெரிந்துவிடும். கிடங்கில் பயன்படாமல் கிடந்த ஒரு பதிவேட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் உட்காரும் என் மனைவி, பதின்மூன்று வயது மகள், நான், என் அக்கா. அக்கா என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகராக இருந்தாள். ஆஸ்துமா முற்றி, புத்தகத் தூசியே ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகு வேலையை விட்டுவிட்டு ஒன்பது வருடத்துக்கு முன் எங்களோடு வந்துவிட்டாள். நூலகத்தை மட்டும் அவள் விடவில்லை. எங்கள் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் எண் ஒட்டியிருக்கும். பருப்பு ஏழு, மிளகு பன்னிரண்டு. மகள் வேண்டுமென்றே பன்னிரண்டை ஏழில் வைப்பாள், அத்தை கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்து அவள் காதைத் திருகுவாள்.

ஆரம்பத்தில் நான் நிறுத்தியவை எல்லாம் சாதாரணம். காலையில் எல்லோரையும் நான்தான் எழுப்புவேன், ஒரு வாரம் எழுப்பவில்லை. இரண்டு நாள் வீடு தலைகீழானது, மூன்றாம் நாள் மகளே அலாரம் வைத்துக்கொண்டாள். மகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவதை நிறுத்தினேன். பஸ்ஸில் போகப் பழகினாள், அவளுக்கு இரண்டு தோழிகள் கிடைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்ன சமைப்பது என்று மனைவி கேட்டால் பதில் சொல்வதை நிறுத்தினேன். அவள் கேட்பதையே நிறுத்திவிட்டாள், சமையல் முன்னைவிட நன்றாக இருந்தது. பதிவேட்டில் எல்லா வரியிலும் நடுக் கட்டத்தில் 'தாங்கும்' என்று எழுதியிருப்பேன், கடைசிக் கட்டத்தில் 'தாங்கியது'. நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் இல்லாவிட்டால் இந்த வீடு குடைசாய்ந்துவிடும் என்று நினைத்திருந்தவனுக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

இந்த ஜனவரியில் மனைவியின் மருத்துவமனை வேறு ஓர் ஊரில் கிளை தொடங்கியது. அவளை அங்கே மேலாளராகப் போகச் சொன்னார்கள். எங்கள் துறையிலும் அங்கே எனக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. மகளுக்கு நல்ல பள்ளி. எல்லாம் கூடி வந்தது, ஒன்றைத் தவிர. அது கல்குவாரிகள் சூழ்ந்த ஊர். ஜன்னல் கம்பியில் விரலை வைத்தால் மாவு மாதிரி ஒட்டும். அக்காவின் நெஞ்சு அந்த ஊரில் ஒரு மாதம்கூடத் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மனைவி சண்டை போடவில்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "ஜூலை ஒண்ணாம் தேதி நானும் பொண்ணும் கிளம்பறோம். நீங்க வரலாம், வராமலும் இருக்கலாம். அண்ணிகிட்ட நீங்கதான் பேசணும். நான் பேசினா நான் துரத்தின மாதிரி ஆயிடும்."

"யோசிக்கலாம்" என்றேன்.

"பதினாறு வருஷமா யோசிச்சுட்டுத்தான் இருக்கீங்க" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

நான் அக்காவிடம் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அக்கா, நாங்கள் போகிறோம், நீ மட்டும் இங்கேயே தனியாக இரு. எண்ணிப் பார்த்தால் எட்டு வார்த்தை. குளியலறைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டு மேசையில் வாய் வரை வந்து தண்ணீரோடு திரும்பிப் போயிருக்கிறது. அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு என் சட்டைப் பொத்தான் முதல் நான் படிக்க வேண்டிய படிப்பு வரை எல்லாவற்றையும் அக்காதான் தீர்மானித்தாள். அவளைப் பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளைகளை, தம்பி பள்ளியை முடிக்கட்டும் என்று திருப்பி அனுப்பினாள். அப்படிப்பட்டவளிடம் இதை எப்படிச் சொல்வது? எனக்கு அவள் மேல் பிரியம் உண்டு. இதை எழுதும்போது நீங்கள் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும், ஆனாலும் அது உண்மை.

அதனால் நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். அவளிடம் எப்படிச் சொல்வது என்பதை விட்டுவிட்டு, அவளால் தனியாக இருக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டேன். இது நியாயமான கேள்விதான். விட்டுப் பிரிவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி. பதில் கிடைத்துவிட்டால் முடிவு தானாக வந்துவிடும், நான் கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

அக்காவிடம் நான்கு இன்ஹேலர் உண்டு. மூச்சு முட்டும்போது வாயில் வைத்து அழுத்துகிற அந்தச் சின்னக் குப்பி. சமையலறை அலமாரியில் ஒன்று, கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒன்று, தலையணைக்கு அடியில் ஒன்று, கைப்பையில் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, எந்த இடத்துக்குரியது என்று எழுதியிருப்பாள். எங்கள் நிலையத்திலும் நான்கு, இவளிடமும் நான்கு. எனக்கு அது பொருத்தமாகப் பட்டது.

பிப்ரவரியில் சமையலறையில் இருந்ததை எடுத்தேன். என் பதிவேட்டில் 'தாங்கும்'. நான்கு நாளில் கவனித்துவிட்டாள். வீடு முழுக்கத் தேடினாள். மகளைக் கேட்டாள், மகள் அத்தை மேல் சத்தியம் செய்தாள். "இருபத்தெட்டு வருஷம், ஒரு புத்தகத்தைத் தொலைச்சதில்லை நான்" என்று சொல்லிக்கொண்டே டப்பாக்களை எண் வாரியாக இறக்கி ஏற்றினாள். பிறகு கூடத்தில் இருந்ததைக் கயிற்றில் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். தாங்கியது. சொல்லப்போனால் முன்னைவிட உறுதியாகிவிட்டது. இதைத்தான் ஆலோசகர் சொன்னார்.

மார்ச்சில் எதிர்வீட்டு டீச்சரிடம் இருந்த எங்கள் மாற்றுச் சாவியைத் திரும்ப வாங்கினேன். பூட்டை மாற்றப்போகிறோம் என்று சொன்னேன். ஏப்ரலில் தலையணைக்கு அடியில் இருந்தது. அதைத் தேடிய அன்று அக்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு மறதி நோய் வந்துவிட்டது தம்பி என்றாள். அதற்காக டாக்டரிடம் போக வேண்டும் என்றாள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்டார். அவள் மூன்றையும் சொன்னதோடு, அவர் மேசையில் இருந்த புத்தகங்களின் பெயரையும் வரிசையாகச் சொன்னாள். டாக்டர் சிரித்துவிட்டார். வெளியே வரும்போது அவள் சிரிக்கவில்லை. "அப்போ எப்படித்தான் காணாமப் போகுது?" என்று என்னைக் கேட்டாள். நான் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினேன்.

அன்று கிளம்பும் முன் டாக்டரிடம் நான் பேச்சுவாக்கில் ஒன்று கேட்டேன். இவளுக்குக் கடுமையாக வந்து, கையில் மருந்தும் இல்லை என்றால் எவ்வளவு நேரம் இருக்கிறது? ஏழெட்டு நிமிடம், மிஞ்சிப்போனால் பத்து, அதனால்தான் நான்கு இடத்தில் வைக்கச் சொன்னேன் என்றார். அதைக் குறித்துக்கொண்டேன்.

மே மாதத்தில் மகளை மாலை ஐந்து வரை நீச்சல் வகுப்பில் சேர்த்தேன். பள்ளி நாட்களில் மூன்று மணிக்கே வந்து அத்தையோடு உட்கார்ந்து கதையளக்கிறவள் அவள். நீச்சல் அவளுக்குப் பிடித்துவிட்டது, நல்ல விஷயம்தான். கைப்பையில் இருந்த இன்ஹேலர் தீர்ந்துவிட்டது, புதிது வாங்கி வா என்று அக்கா சொன்னாள். சரி என்றேன். இரண்டாம் முறை சொன்னபோதும் சரி என்றேன். நான் மறக்கவில்லை. காலியானதையே கைப்பையில் வைத்துக்கொண்டு, மூன்றாம் முறை சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்தாள். தம்பிக்கு வேலை நெருக்கடி என்று மனைவியிடம் சொன்னாளாம்.

ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பாருங்கள். சாவியைத் திரும்ப வாங்குவது குற்றமா? மகளை நீச்சலில் சேர்ப்பது? மருந்து வாங்கத் தாமதமாவது எந்த வீட்டில் நடக்காதது? நான் சமாதானம் சொல்லவில்லை. நடந்தது இப்படித்தான் இருந்தது என்று சொல்கிறேன். எந்த நாளிலும் நான் ஒரு பெரிய காரியத்தைச் செய்ததாக எனக்கு நினைவில்லை.

ஜூன் பத்தொன்பது புதன்கிழமை. காலையில் டீ குடித்துக்கொண்டே பதிவேட்டில் இரண்டு கட்டம் எழுதினேன், நேரம் ஆறு நாற்பது. அக்கா எதிரே உட்கார்ந்து மகளின் நீச்சல் உடுப்பில் பெயர் தைத்துக்கொண்டிருந்தாள். "ஆபீஸ் நோட்டை வீட்டுக்கெல்லாம் தூக்கிட்டு வராதேடா, கண்ணு கெட்டுடும்" என்றாள். அவள் தொலைபேசிக்குச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது, போகிற போக்கில் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டு மணிக்குத் திரும்பினேன். என் சாவியால் திறந்து சத்தமில்லாமல் உள்ளே வந்தேன். அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் இருக்கும் இன்ஹேலரை ஜன்னல் விளிம்பில் கழற்றி வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போவாள், அந்தக் கயிறோடு. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மகளின் அறையில் உட்கார்ந்தேன். ஸ்விட்சை விட்டுக் கையை எடுக்கக் கூடாது. அதனால் கையைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

ஒன்றும் நடக்காமலும் போயிருக்கலாம். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் அவளுக்கு ஒன்றும் வராது. அன்று அவள் குளித்துவிட்டு வந்து, நாற்காலியைப் போட்டு ஏறி, பரண் மேலிருந்து அவளுடைய பழைய பழுப்புப் பெட்டியை இழுத்து இறக்கினாள். எதற்கு என்று எனக்குத் தெரியாது. ஒன்பது வருடத் தூசி அதன் மேல் இருந்தது. அந்தத் தூசியை நான் வைக்கவில்லை.

முதலில் இருமல் கேட்டது. பிறகு இருமல் நின்று அந்த இழுப்பு தொடங்கியது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்து நடைக்கு வந்தேன். அவள் பதறவில்லை, நூலகத்தில் நடக்கிற மாதிரி இடம் இடமாகப் போனாள். ஜன்னல் விளிம்பு. சமையலறை அலமாரி, அங்கே இல்லை என்று தெரிந்தும். கைப்பை. காலிக் குப்பியை மூன்று முறை அழுத்தும் சத்தம் கேட்டது. பிறகு தொலைபேசி, அதில் உயிரில்லை. எதிர்வீட்டுக்குப் போகலாம் என்று வாசலுக்குத் திரும்பியபோதுதான் நடையில் நின்றிருந்த என்னைப் பார்த்தாள்.

அவள் முகத்தில் வந்தது நிம்மதி. அதை நான் மறைக்க விரும்பவில்லை. சின்ன வயதில் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்து நான் திரும்பக் கிடைத்தபோது இருந்த அதே முகம். சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை என்னிடம் நீட்டினாள். என் சட்டைப் பைக்கு வெளியே கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கயிற்றைப் பார்த்தாள், பிறகு என் கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் கெட்டிக்காரி, மூன்று பொருள் சோதனையில் தோற்காதவள். பிப்ரவரியிலிருந்து தொலைந்தவை எல்லாம் எங்கே போயின என்று அந்த இடத்தில் அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். மறதி நோய் இல்லை என்றும் தெரிந்திருக்கும்.

நீட்டிய கையை அவளே மடக்கிக்கொண்டாள். பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அதன் பிறகு என்னைப் பார்க்கவில்லை.

நான் விதியை மீறினேன் என்று மோட்டார் அண்ணன் சொன்னதாகச் சொன்னீர்கள். முள் சிவப்புக்குப் போனதும் திரும்ப ஓட்டியிருக்க வேண்டும் என்றாராம். அது வேறு. கையை எடுக்கக் கூடாது என்ற விதியை நான் மீறவில்லை. என் கை கடைசி வரை அதன் மேல்தான் இருந்தது.

முடிந்ததும் எல்லாவற்றையும் பழையபடி வைத்தேன். எடுத்து வைத்திருந்த மூன்றையும் அவள் ஒட்டிய காகிதப்படி அந்தந்த இடத்தில். கைப்பையில் மட்டும் காலியானது. சுவர் ஸ்விட்சைப் போட்டேன். நாற்காலியை மேசைக்குத் தள்ளினேன். டாக்டரைக் கூப்பிட்டேன், பிறகு மனைவியை. டாக்டர் என் தோளைத் தட்டிவிட்டு, இது என்றைக்காவது வரும் என்று தெரிந்ததுதானே என்றார். மனைவி மூன்று நாள் சாப்பிடவில்லை. அண்ணிகிட்ட நீங்க சொல்லிட்டீங்களா, அந்த வருத்தத்துலதான் வந்துதா என்று கேட்டுக் கேட்டு அழுதாள். இல்லை, சொல்லவே இல்லை என்றேன். அது பொய் இல்லை. மகள் அந்தப் பன்னிரண்டாம் எண் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்த் தன் அறையில் வைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் வேலைக்குப் போனேன். மாதக் கடைசி நெருங்கிவிட்டது. முடிந்த சோதனைகளின் பதிவேட்டைத் தட்டில் போடுவது வழக்கம். போட்டேன். ஏன் போட்டேன் என்று நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். கை பழக்கத்தில் போய்விட்டது. இரண்டாவது கையெழுத்து இல்லாமல் ஒன்றை முடிந்ததாக என்னால் நினைக்க முடியவில்லை.

மோட்டார் அண்ணன் மதியம் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் மெதுவாகப் பேசிக் கேட்டது அன்றுதான்.

"தராசு, இது என்ன பம்புடா? எதை நிறுத்தினே நீ?"

"படிச்சுட்டீங்களாண்ணே?"

"படிச்சேன். நான் படிச்சது தப்புன்னு சொல்லு."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். என் கல்யாணத்தில் அக்காவோடு பந்தி விசாரித்தவர் அவர். நான் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

பெட்டி விஷயத்தை நேற்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். அக்காவோடு நூலகத்தில் வேலை பார்த்த தோழி ஒருத்தி இருக்கிறாள், அவள் வீட்டு மாடி அறைக்கு அக்கா அந்த வாரமே குடிபோவதாக இருந்தது என்று. மனைவியின் முகத்தையும் என் முகத்தையும் பார்த்து அவளாகவே புரிந்துகொண்டிருக்கிறாள். தோழியிடம் சொன்னதாக நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள்: "தம்பியால இதைச் சொல்ல முடியாது. யோசிச்சு யோசிச்சே உடம்பைக் கெடுத்துக்குவான். நானே கிளம்பிட்டா அவனுக்கு நிம்மதி." அதற்காகத்தான் அன்று பெட்டியை இறக்கியிருக்கிறாள். சட்டைப் பொத்தானைப் போல இதையும் அவளே தீர்மானித்துவிட்டிருந்தாள். அது எனக்குத் தெரியாத தகவல். ஓர் அமைப்பில் நமக்குத் தெரியாத பாதைகள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். அதை நான் போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு வருகிறேன். நான் முடிவு எதுவும் எடுக்கவில்லை, சூழ்நிலைதான் எடுத்தது என்று நான் சொன்னபோது நீங்கள் பதிவேட்டைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தீர்கள். நான்கு வருடம், நாற்பத்தொரு சோதனை. நாற்பது வரியில் நடுக் கட்டத்தில் 'தாங்கும்' என்று எழுதியிருக்கிறது. கடைசி வரியில் மட்டும் அந்த வார்த்தை இல்லை, ஏன் இல்லை என்று கேட்டீர்கள். இரண்டு நாளாக யோசிக்கிறேன். வேறு வார்த்தை எழுதியிருக்கலாமா என்றுகூட நிறுத்துப் பார்த்தேன். எதையும் சீக்கிரம் எழுதாத நான் அன்று காலை அதை மட்டும் யோசிக்காமல் எழுதினேன் என்பது நினைவிருக்கிறது. டீ ஆறுவதற்குள் எழுதி முடித்துவிட்டேன்.

என் அக்காவை நான்தான் கொன்றேன். இந்த வாக்கியம் உங்களுக்கு வேண்டும் என்று தெரியும், எழுதிவிட்டேன். சொல்வதற்கு எளிதாகத்தான் இருக்கிறது, அந்த எட்டு வார்த்தையைவிட. அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுக் கட்டத்தில் நான் எழுதியிருந்தது எட்டு நிமிடம், அவள் பதினொரு நிமிடம் இருந்தாள். கூடுதலாக அவள் தாங்கிய அந்த மூன்று நிமிடம், ஐந்து மாதமாக நான் அவளுக்குக் கொடுத்த பயிற்சியால் வந்தது.